மூடிட்டேன் மாமா

அன்புள்ள மேடம்,

வணக்கம். எனக்கு வயது 63. திருச்சி உறையூரில் சொந்த வீடு. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பஞ்சாயத்து, பேரூராட்சி என்று ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து, அடுத்தவர்கள் எழுதிய கணக்கில் எது இடிக்கிறது என்று பார்ப்பதுதான் தொழில். அதனால் எனக்கு மறதி, மூளைக் கோளாறு என்று யாரும் சொல்ல முடியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

விஷயம் கேஸ் சிலிண்டர். என் மருமகள் நல்ல பெண்தான். ஆனால் ராத்திரி சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவதில்லை. மூடுவதாகச் சொல்கிறாள். "மூடிட்டேன் மாமா" என்று தினமும் சொல்கிறாள். அந்தச் சொல்லும் தொனியிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிடும். போய்ப் பார்த்தால் மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் திறந்து கிடக்குமா இல்லையா? அந்த ஒருநாளுக்காகத்தான் பார்க்கிறேன்.

ஒன்பதரைக்கு ஒருதரம், பத்துக்கு ஒருதரம், பிறகு படுத்து எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில், பாத்ரூம் போகிற சாக்கில் என்று பன்னிரண்டரை வரை போகும். எண்ணிப் பார்த்ததில் 11 தடவை. அதற்கு மேல் தூக்கம் வந்துவிடும். சில மாதமாக ரெகுலேட்டரையே கழற்றி, வெள்ளை மூடியைப் போட்டுவிட்டுப் படுக்கிறேன். காலையில் மருமகள் எழுந்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே? அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். சிலிண்டர் போட வருகிற பையன் வேறு, "சார், தினமும் கழட்டி மாட்டினா உள்ள இருக்கிற வாஷர் தேய்ஞ்சு அதுலயே லீக் ஆகும்" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும், 22 வயசு.

கொஞ்ச நாள் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். மூடிய ரெகுலேட்டரைப் படம் எடுத்துவிட்டால் படுத்துக்கொண்டே பார்க்கலாமே என்ற யோசனை. அது நல்ல யோசனைதான். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் இது இன்றைக்கு எடுத்ததா நேற்று எடுத்ததா என்று வந்துவிடுகிறது. போன வாரம் பேரன் என் போனை நோண்டி, "தாத்தா போன்ல 1,140 சிலிண்டர் போட்டோ இருக்குப்பா, பாட்டி போட்டோ 36தான் இருக்கு" என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டான். மகன் அன்றிலிருந்து என்னைக் கேஸ் இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுகிறான். பெற்ற தகப்பனைக் கூப்பிடுகிற முறையா இது?

மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன். என் சம்சாரம் தவறிப் போய் நாலு மாசம் கழித்து, "அப்பா தனியாக இருக்க வேண்டாம்" என்று குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டான். வீட்டிலிருந்தே வேலை. நல்லதுதான். ஆனால் வந்த நாளிலிருந்து ரெகுலேட்டர் பிரச்சினை. முதலில் கேஸ் கசிந்தால் கத்துகிற ஒரு மெஷின் வாங்கி மாட்டினான். அது கொசு மருந்து அடித்தாலும் கத்துகிறது. அதை நம்ப முடியுமா? பிறகு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினான். சரி, கேஸே இல்லை, நிம்மதி என்று பார்த்தால், பிளக்கைப் பிடுங்குகிறார்களா என்ற கவலை வந்துவிட்டது. இப்போது இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் தஞ்சாவூரில் என் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் நான். மகன் குடும்பம் முதல் நாளே போய்விட்டது. நான்தான் கடைசியாகப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டது எனக்கு நன்றாகத் தெரியும். திருவெறும்பூர் தாண்டும்போது மூடி போட்டது இன்றைக்கா நேற்றா என்று ஒரு யோசனை. துவாக்குடியில் இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்ப வந்து பார்த்தால் மூடி போட்டுத்தான் இருந்தது. மறுபடி போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கை இன்னும் என்னோடு பேசவில்லை. இதற்கெல்லாம் காரணம் யார்? மருமகள் பொறுப்பாக இருந்தால் எனக்கு இந்தப் பழக்கமே வந்திருக்காது.

எனக்கு மறதி கிடையாது என்று சொன்னேனே, ஒரு உதாரணம் சொல்கிறேன். என் சம்சாரம் தவறின அன்றைக்கு ராத்திரிகூட ரெகுலேட்டரை மூடியது நான்தான். பன்னிரண்டு பத்துக்கு எழுப்பி, "கேஸ் மாதிரி அடைக்குதுங்க, முதுகெல்லாம் வலிக்குது" என்றாள். ஓமத்தைத் தட்டிப் போட்டு, ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும்வரை காய்ச்சி, வடிகட்டிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தேவலாம்ங்க, நீங்க படுங்க. காலையில கீரைக்காரம்மா வந்தா முளைக்கீரை ரெண்டு கட்டு வாங்கிடுங்க" என்றாள். அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, வலப்பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். காலை ஐந்தரைக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளிடம் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன், எதற்கு வீண் பேச்சு. பெங்களூரில் இருக்கிற மகள் மட்டும் அவ்வப்போது "அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களாப்பா" என்று கேட்பாள். ஒன்றும் சொல்லவில்லை, நிம்மதியாகப் போனாள் என்பேன். அது கிடக்கட்டும். 14 மாசத்துக்கு முன்னால் மூடிய ரெகுலேட்டர் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறவனைப் பார்த்து மறதி என்றால் எப்படி?

வெக்காளியம்மன் கோயிலில் சூலத்தில் சீட்டு எழுதிக் கட்டினால் நடக்கும் என்பார்கள். "மருமகள் ரெகுலேட்டரை மூட வேண்டும்" என்று எழுதிக் கட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூடித்தான் இருந்தது. அம்மன் செய்தாளா, மருமகள் செய்தாளா என்று தெரியவில்லை.

நேற்று அவள் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் போய் ரெகுலேட்டரைத் திருகிவிட்டேனாம். மூன்றாவது தோசை பாதியில் நின்றுவிட்டது. "மாமா, நான் இங்கதானே நிக்கிறேன்" என்று அழுதாள். வீட்டின் பாதுகாப்புக்காகச் செய்ததற்கு அழுகையா? ராத்திரி நேரத்தில் எனக்கே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அது கேஸ் தொந்தரவுதான், வேறொன்றும் இல்லை. ஆனால் இந்த வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பில்லை என்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மருமகளை எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், உறையூர்

*

அன்புள்ள ஐயா,

முதல் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உங்கள் மருமகள் ரெகுலேட்டரை மூடுகிறார். பத்து மாதமாக ஒரு ராத்திரிக்கு 11 தடவை என்று வைத்தால் மூவாயிரம் சோதனைக்கு மேல் ஆகிறது. ஒரு தடவைகூடத் திறந்திருந்ததாக நீங்கள் எழுதவில்லை. மூவாயிரம் தடவை பார்த்தும் ஒரு தணிக்கைத் தடைகூட எழுத முடியாத அலுவலகத்தை உங்கள் 31 வருஷத்தில் பார்த்திருக்கிறீர்களா? அவரைத் திருத்த என்னிடம் வழி இல்லை, திருத்த அங்கே ஒன்றும் இல்லை.

ரப்பர் குழாய், சிலிண்டர் இதெல்லாம் ஆபத்தில்லாத விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஒருநாள் உட்கார்ந்து முறையாகப் பாருங்கள். ஆரஞ்சு நிறக் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருஷம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். சோப்பு நுரையைக் குழாயின் இரண்டு முனையிலும் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். மணமே இல்லாத அந்த வாயுவில் மூக்கைத் துளைக்கிற நாற்றத்துக்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், சன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து, 1906 என்ற கேஸ் கசிவு அவசர எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சிலிண்டர் பையன் சொன்ன வாஷர் விஷயமும் சரிதான். அவருக்கு 22 வயதுதான், ஆனால் தினமும் அதைத்தான் தொடுகிறார். கசிவைத் தடுக்க நீங்கள் ராத்திரி ராத்திரி கழற்றுவதே அந்த வீட்டில் கசிவு வர இருக்கிற ஒரே காரணமாகிவிடக்கூடும்.

இனி சிலிண்டரை விட்டுவிடுகிறேன். உங்களுக்கு ஞாபக சக்தி இருக்கிறது என்று காட்டுவதற்காக நடுவில் ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். "அது கிடக்கட்டும்" என்று நீங்களே தள்ளிவிட்ட பத்தி. உங்கள் கடிதம் அதுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டின சுவர்.

அந்தப் பத்தியில் எல்லாம் துல்லியமாக இருக்கிறது. மணி பன்னிரண்டு பத்து. ஒன்றரை டம்ளர் ஒரு டம்ளராக வற்றியது. ரெகுலேட்டரை எந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தீர்கள் என்பது வரை. 14 மாதத்துக்கு முந்தைய ராத்திரி இப்படி நினைவில் நிற்கிறது, நேற்று ராத்திரி மூடியது மட்டும் நிற்கவில்லை. உங்களுக்கு மறதி இருக்கிறதா என்று கேட்டால், இந்த ஒரு வித்தியாசத்தை வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். சோதிக்கச் சோதிக்க நம்பிக்கை குறையும் என்பது பார்த்தறிந்த விஷயம். நெதர்லாந்தின் மார்செல் வான் டென் ஹவுட், மெரெல் கிண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களைக் கம்ப்யூட்டர் திரையில் வரைந்த கேஸ் அடுப்பைத் திறக்கவும் மூடவும் சரிபார்க்கவும் வைத்தார்கள். ஆமாம், கேஸ் அடுப்புதான். திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களின் நினைவு தப்பவில்லை, கடைசியாக எந்த பர்னரைப் பார்த்தார்கள் என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு மங்கிப்போய், அதன்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை சரிந்துவிட்டது. சில வருஷம் கழித்துக் கனடாவில் நிஜ அடுப்பை வைத்துச் செய்து பார்த்தார்கள், அப்போதும் அதே. 11-ஆவது தடவை பார்க்கும்போது உங்கள் கண் ரெகுலேட்டரைப் பார்க்கவில்லை, பழகின ஒரு படத்தைப் பார்க்கிறது. அதனால்தான் போட்டோவும் உதவவில்லை. இன்றைக்கா நேற்றா என்ற சந்தேகம் 1,140 படம் இருப்பதால் வருகிறது. ஒன்றே ஒன்று இருந்தால் வராது.

அந்தக் கடைசி ராத்திரியை நீங்கள் ஒரே ஒரு தடவைதான் பார்த்தீர்கள். அதனால் அது அப்படியே நிற்கிறது.

நம் பேச்சில் வயிற்றில் வருவதும் கேஸ், சிலிண்டரில் இருப்பதும் கேஸ். அதை வைத்து மனம் சிலேடை பேசுகிறது என்று சாமர்த்தியம் காட்ட எனக்கு விருப்பமில்லை. எனக்குப் படுவது இன்னும் சாதாரணமானது. உங்கள் மனைவி உயிரோடு இருந்தபோது அந்த வீட்டில் நீங்கள் கடைசியாகச் செய்த வேலை ரெகுலேட்டரை மூடியது. அதைச் சரியாகச் செய்தீர்கள், சந்தேகமே இல்லாமல். அதற்கு முந்தைய வேலையை, அதாவது "கேஸ்" என்று அவர் சொன்னதைக் கேஸ் என்றே எடுத்துக்கொண்டதை, சரியாகச் செய்தோமா என்று உங்களுக்குத் தெரியவில்லை. அதைத் திரும்பப் போய்ப் பார்க்க எந்த பஸ்ஸும் இல்லை. சிலிண்டரைப் பார்க்கலாம். ஆகவே சிலிண்டரைப் பார்க்கிறீர்கள், பன்னிரண்டு பத்து தாண்டும்வரை.

இந்த இடத்தில் நான் உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் தப்பே இல்லை ஐயா, விதி அவ்வளவுதான் என்று. சொல்ல மாட்டேன். சொன்னால் பத்து நிமிஷம் தாங்கும். பிறகு என் தொனியில் உங்களுக்குச் சந்தேகம் வரும். அது இன்னொரு "மூடிட்டேன் மாமா"வாகிவிடும்.

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மாரடைப்பு வரும் பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் பொதுவான அறிகுறி. ஆனால் முதுகு, தாடை, மேல்வயிறு இங்கெல்லாம் வலி, குமட்டல், மூச்சு வாங்குவது, இதுவரை இல்லாத அசதி போன்றவை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்கு நரம்பு மழுங்கி வலியே மங்கலாகத்தான் தெரியும். இதனால் அவர்களும் வீட்டார்களும் மட்டுமல்ல, சில சமயம் மருத்துவமனையில் இருப்பவர்களும் ஏமாந்துபோகிறார்கள். முதல் இசிஜி ஒன்றுமில்லை என்று வந்து, சில மணி நேர இடைவெளியில் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யும்போதுதான் பிடிபடுவதும் உண்டு. அன்றைக்கு 108-ஐ அழைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கும். கஷ்டமான வேலைதான். 11 தடவை எழுந்து போவதும் கஷ்டமான வேலைதான், ஆனால் அதனால் ஒன்றும் முடிவதில்லை.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். தணிக்கைக்குப் போகிறவர் வருஷம் முடிந்த பிறகு போகிறார். எல்லா ரசீதும் மேசையில் இருக்கும், எது எங்கே போய் முடிந்தது என்று தெரியும். அன்றைக்கு அந்தச் செலவை எழுதின குமாஸ்தாவுக்கு அன்றைய தேதி மட்டும்தான் தெரியும். இந்த வித்தியாசத்தை நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஓலைக்கூரை பறந்துபோன பள்ளிக்கு அவசரமாகத் தகரம் வாங்கியவரையும் ஒப்பந்தப்புள்ளி கேட்காமல் பை நிறைத்தவரையும் ஒரே தணிக்கைப் பாராவில் எழுதியிருக்க மாட்டீர்கள். 1975-ல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். 1814-ல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றி ஒரே குறிப்பைப் பல குழுக்களுக்குக் கொடுத்து, முடிவை மட்டும் குழுவுக்குக் குழு மாற்றிச் சொன்னார். தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவு எதுவோ, அதுதான் முதலிலேயே எதிர்பார்க்கத் தக்கதாக இருந்தது என்றார்கள் அவரவர். முடிவு தெரிந்த பிறகு தெரியாத நாளை நினைத்துப் பார்ப்பது மனிதர்களுக்கு லேசில் வராது. உங்கள் பன்னிரண்டு பத்தை நீங்கள் ஐந்தரை மணியிலிருந்து தணிக்கை செய்துகொண்டிருக்கிறீர்கள்.

தணிக்கை என்றாலும் முழுக் கோப்பையும் பார்க்க வேண்டாமா? "தேவலாம்ங்க, நீங்க படுங்க" என்று அவர் சொன்னது உங்கள் கடிதத்தில் இருக்கிறது, உங்கள் தணிக்கைப் பாராவில் இல்லை. நள்ளிரவில் எழுப்பின மனைவிக்கு "காலையில் பார்க்கலாம், படு" என்று சொல்லாமல் எழுந்து போய் ஓமம் தட்டினவர் ஒருவர் இருக்கிறார், அவரையும் காணோம். தவறான மருந்துதான். அசட்டை இல்லை. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதக் கூடாது.

இவ்வளவு தூரம் உங்கள் பக்கம் இருந்துவிட்டேன், இனி எதிர்ப்பக்கம்.

பிள்ளைகளிடம் மறைத்ததை "வீண் பேச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் நோகக் கூடாது என்று நினைத்தீர்கள், ஒத்துக்கொள்கிறேன். பாதி அது. மீதிப் பாதி, அவர்கள் உங்களை ஒரு பார்வை பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு யார் யார் விலை கொடுக்கிறார்கள் பாருங்கள். மருமகள் தினமும் ராத்திரி ஒரு குற்றத்துக்குச் சமாதானம் சொல்கிறார், அது அவர் செய்த குற்றம் இல்லை, யாரும் செய்த குற்றமும் இல்லை. "நான் இங்கதானே நிக்கிறேன்" என்று அவர் அழுதது தோசைக்காக என்றா நினைக்கிறீர்கள்? மகன் கேலி செய்கிறான், அவனுக்கு விஷயமே தெரியாது. தெரிந்தால் அந்தப் பட்டப்பெயரை அன்றைக்கே நிறுத்திவிடுவான். மகள் 14 மாதமாகப் போனில் ஒரே கேள்வியைக் கேட்கிறாள், பதில் உங்கள் கையில் இருக்கிறது, இல்லை என்கிறீர்கள்.

இன்னொன்று. 65 வயதுக்குள் தாய்க்கு மாரடைப்பு வந்திருந்தால், மருத்துவர்கள் அதைப் பிள்ளைகளின் குடும்ப வரலாற்றில் குறித்துக்கொள்வார்கள். உங்கள் மனைவிக்கு என்ன வயது, சர்க்கரை இருந்ததா, ரத்த அழுத்தம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் அந்த வயதுக்குள் இருந்திருந்தால், மகனும் மகளும் தங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லி, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரி வரவில்லை, கேஸ் மாதிரியும் முதுகு வலி மாதிரியும் வந்தது என்று உங்கள் மகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டின் பாதுகாப்பு என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பாதுகாப்புத் தகவல் ஒன்றே ஒன்றுதான், அதை மட்டும் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

ராத்திரியில் உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது என்றும் அது கேஸ் தொந்தரவுதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பதற்றத்தாலும் அப்படி வரும், தைராய்டாலும் வரும், இதயத்தாலும் வரும். எது என்று நீங்களோ நானோ சொல்லக் கூடாது. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பார்த்து இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அதோடு வலி, மூச்சுத்திணறல், வியர்வை சேர்ந்து வந்தால் வாரம் என்ன, அந்த நிமிஷமே 108. மருத்துவர் ஒன்றுமில்லை என்றால், சரிதானா என்று ஊரில் உள்ள இன்னும் நாலு மருத்துவரிடம் போய்க் காட்டக் கூடாது, அது சிலிண்டர் விளையாட்டின் அடுத்த பாகம்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படிச் சரிபார்ப்பதில் போகிறது, உறவுகளும் கெடுகிறது என்றால் அதை ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் துரத்தி ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய், என்ற கோணத்தில் பார்க்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாகத் தொடங்கினால் வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதனால் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். பயிற்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்: எதை நிறுத்தினால் எவ்வளவு பதற்றம் என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, குறைந்ததிலிருந்து தொடங்குவார்கள். உங்களுக்கு அநேகமாக முதலில் போட்டோ, பிறகு ரெகுலேட்டரைக் கழற்றுவது, பிறகு பத்து மணிக்கு மேல் சமையலறைக்குப் போவது, கடைசியில் தஞ்சாவூர் பஸ். எழுந்து போகத் தோன்றும்போது போகாமல் உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பதற்றத்துக்கு மதிப்பெண் எழுதுங்கள். ஏறும், உச்சிக்குப் போகும், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்கும். முதல் வாரம் மோசமாக இருக்கும், இரண்டாவது வாரமும் சுமாராகத்தான் இருக்கும். இடையில் ஒருநாள் தோற்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டால் அதை ஒரு பெரிய ஊழலாக்க வேண்டாம், அடுத்த ராத்திரி தொடருங்கள். "மூடியிருக்கும், மூடியிருக்கும்" என்று மனதுக்குள் ஜபிக்கவும் கூடாது, அதுவும் ஒரு சோதனைதான். "மூடியிருக்கலாம், மூடாமலும் இருக்கலாம், நான் பார்க்கப் போவதில்லை" என்பதுதான் பாடம்.

மருமகளுக்கும் ஒரு வேலை உண்டு, இந்தப் பகுதியை அவரிடம் படிக்கக் கொடுங்கள். அம்மா, இனி மாமா கேட்டால் "மூடிட்டேன்" என்று சொல்லாதீர்கள். "அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம் மாமா" என்று கோபமில்லாமல் ஒருதரம் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அவர் முகம் வாடும். வாடட்டும். ஐயா, நீங்கள் அவரிடம் அந்த மூன்றாவது தோசைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், "இருந்தாலும்" என்ற வார்த்தை இல்லாமல்.

தங்கை வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். முகூர்த்தத்தைத் தவறவிட்ட தாய்மாமனுக்குச் சாக்கு கிடையாது, புடவையும் பழத்தட்டும்தான் உண்டு. துவாக்குடியில் இறங்காமல் போய்ச் சேர்ந்தீர்கள் என்றால் பயிற்சியும் ஆயிற்று.

பிள்ளைகளிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மகளைப் பெங்களூரிலிருந்து வரச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் கீரையிலிருந்து தொடங்குங்கள். கடைசியாக அம்மா என்ன சொன்னார் என்று கேட்கிற பெண்ணுக்கு, முளைக்கீரை இரண்டு கட்டு வாங்கச் சொன்னார் என்பது சின்ன விஷயமாகப் படாது. அதிலிருந்து பின்னோக்கிப் போய் ஓமத்தண்ணீரைச் சொல்லுங்கள், முதுகு வலியைச் சொல்லுங்கள், பன்னிரண்டு பத்து என்று மணியையும் சொல்லுங்கள். மகன் கோபப்பட்டால் பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கும் அம்மாதானே.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, பேரன் தூங்கிய பிறகு உட்காருங்கள். அடுப்பில் காபிக்குப் பால் எதுவும் வைத்துவிட்டு வந்து உட்காராதீர்கள், நடுவில் எழுந்து போக உங்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.